மேசையைக் கும்பிடும் பள்ளிக்கூடம்

ஜொவிட்டா டீச்சரின் பள்ளிக்கூடத்தைப் பற்றி மயிலாப்பூரிலும் சாந்தோமிலும் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். அங்கே படித்தால் சாமியாராகத்தான் போக வேண்டும் என்றது ஒரு கதை. அங்கே சேர்த்தால் பிள்ளையை மதம் மாற்றிவிடுவார்கள் என்றது இன்னொன்று. கணக்கும் அறிவியலும் கிடையவே கிடையாதாம், நாள் முழுக்க ஜெபம்தானாம். அதெல்லாம் இல்லை, அது வெளிநாடு போகிற பணக்காரப் பிள்ளைகளுக்கான இடம், நம்மை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள் என்று சொன்ன புத்திசாலிகளும் உண்டு. இத்தனையும் பேசியவர்களில் ஒருத்தராவது மாடி ஏறி வந்து எட்டிப் பார்த்தார்களா என்றால், அதுதான் கிடையாது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இடம் ஒன்றும் பெரிய இடமில்லை. சாந்தோமிலிருந்து பட்டினப்பாக்கம் போகிற வழியில் ஒரு சந்து, சந்துக்குள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலின் மண்டபம், அந்த மண்டபத்தின் மாடி. கீழே ஞானஸ்நான விருந்து நடந்தால் பிரியாணி வாசம் மேலே ஏறி வந்து பாடத்தைக் கெடுக்கும். நாலு தடுப்புப் பலகை வைத்துப் பிரித்த வகுப்புகள். ஒரு வகுப்பில் பேசுவது மற்ற மூன்றிலும் கேட்கும். அதனால் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெரிய வகுப்புப் பாடமெல்லாம் இலவசமாகக் காதில் விழுந்துவிடும்.

ஜொவிட்டா அந்தச் சந்திலேயே பிறந்து வளர்ந்தவள். போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து அங்கேயே இருக்கிற குடும்பம். அம்மா டீச்சர், பெரியம்மா டீச்சர், சித்தப்பா தலைமையாசிரியர். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாலே ஒரு வருஷத்தில் டீச்சராகிவிடுவாள் என்று பங்கில் ஒரு கேலி உண்டு. ஜொவிட்டாவும் பெரிய பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கிறவரை அங்கேதான் இருந்தாள். நல்ல பெயர், நல்ல சம்பளம். அவள் வகுப்பில் எப்போதும் முதல் மதிப்பெண்தான்.

ஒருநாள் அவளுடைய முதல் மதிப்பெண் மாணவியிடம், பரீட்சை முடிந்த மறுவாரம், அதே பாடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "மிஸ், எக்ஸாம்தான் முடிஞ்சிருச்சே?" என்றது. திமிராகச் சொல்லவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டது. இத்தனை வருஷமும் நான் என்னத்தைத்தான் சொல்லிக்கொடுத்தேன் என்ற கேள்வி அன்று உள்ளே போனது, பிறகு வெளியே வரவேயில்லை.

தேடித் தேடிப் படித்ததில்தான் இந்தப் பழைய கிறிஸ்தவக் கல்விமுறை அவளுக்குக் கிடைத்தது. சின்ன வயசில் நினைவு, பாட்டாகவும் ராகமாகவும் நிறைய மனதில் ஏற்று. கொஞ்சம் வளர்ந்து 'ஏன் ஏன்' என்று பிராணனை வாங்குகிற வயசில் கேள்வி கேட்கவும் வாதாடவும் பழக்கு. அதற்குப் பிறகு அழகாகப் பேசப் பழக்கு. இலக்கணம் பிடிபட லத்தீன், அதே கண்டிப்போடு தமிழ். கணக்கு உண்டு, அறிவியல் உண்டு. பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளலாம். காலையில் ஜெபம் உண்டு. சேர விரும்பாத பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லிச் சொல்லியே அவள் தொண்டை வற்றிப்போனது.

வேலையை விட்டுவிட்டு வந்தபோது கணவர் ஆஸ்டின் ஒன்றும் சொல்லவில்லை. ஊர்தான் சொன்னது. "உங்க பையன் நோயலை மட்டும் கான்வென்ட்ல படிக்க வச்சு இன்ஜினியரிங் சேத்துட்டீங்க. எங்க பிள்ளைங்கதான் உங்களுக்குச் சோதனை எலியா?" என்று கோயில் வாசலில் ஒருத்தி நேராகவே கேட்டாள். அவன் பள்ளிப் படிப்பை முடித்த பிறகுதான் இந்தப் பள்ளியே ஆரம்பித்தேன் என்று சொல்லலாம். சொன்னால் மட்டும் நம்பிவிடுவார்களாக்கும்!

வேடிக்கை என்னவென்றால், சொந்தப் பங்கு ஜனங்கள்தான் ரொம்பவும் விலகிப் போனார்கள். மண்டபம் யாருக்கு என்று முடிவு செய்கிற பங்குப் பேரவையின் செயலாளர் பவுல்சாமிக்கு அவளைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வி. "இன்னாம்மா ஜொவிட்டா, பூசையே தமிழுக்கு வந்து எம்மாங்காலம் ஆச்சு. நீ இன்னும் லத்தீனைப் புடிச்சிகினு கீறியே? நம்ம புள்ளைங்க எல்லாம் சாமியாராப் போச்சின்னா பேரப் புள்ளைங்கள யாருமா பெக்குறது?"

"அங்கிள், லத்தீன் படிச்சா சாமியார்னா, தெலுங்கு படிச்சா திருப்பதியில அர்ச்சகரா?"

பவுல்சாமி விழுந்து விழுந்து சிரிப்பார். சிரித்துவிட்டுத் தன் பேரனைக் கொண்டுபோய் வேறு பள்ளியில் சேர்ப்பார்.

பள்ளியைக் காப்பாற்றியது யார் தெரியுமா? தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த பொன்ராஜ். திருச்செந்தூர்ப் பக்கத்து ஆள், நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. மந்தைவெளியில் வீடு. 'கிறிஸ்டியன் ஸ்கூல்' என்று காதில் விழுந்ததும் மகள் அனுப்ரியாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து சேர்த்துவிட்டுப் போனார். கிறிஸ்டியன் ஸ்கூல் என்றால் கண்டிப்பு, கிறிஸ்டியன் ஸ்கூல் என்றால் இங்கிலீஷ். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவும் தப்பான எண்ணம்தான். ஆனால் பிள்ளையைக் கொண்டுவந்து சேர்க்கிற தப்பான எண்ணத்தைத் திருத்த யாருக்கு மனசு வரும்? ஜொவிட்டா வாயை மூடிக்கொண்டாள். பொன்ராஜ் சேர்த்தார் என்று அவர் மைத்துனர் சேர்த்தார், பங்காளி சேர்த்தார், பக்கத்துக் கடைக்காரர் சேர்த்தார். பள்ளியில் பாதிக்குப் பாதி அந்த வழியில் வந்த பிள்ளைகள்.

இந்த வருஷம் மாடியைக் கேட்டு ஒரு நீட் பயிற்சி மையம் வந்தது. பவுல்சாமி சிரிக்காமல் பேசினார். "பேரவையில கேக்குறாங்கம்மா. புள்ளைங்க நெறைய கீதுன்னா நான் உனக்காக வாயத் தொறப்பேன். பாதி பெஞ்சு காலியா கீதுன்னா இன்னான்னு பேசுறது? நீயே சொல்லு."

அந்த வாரமே பொன்ராஜிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், தப்பா எடுத்துக்கிடாதீங்க. புள்ளய நிறுத்திரலாம்னு இருக்கோம்."

ஜொவிட்டா மனசுக்குள் கணக்குப் போட்டாள். பொன்ராஜ் போனால் மைத்துனர் போவார், பங்காளி போவார், பக்கத்துக் கடைக்காரர் போவார். மாடி போகும். அப்புறம் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொள்ள என்ன இருக்கிறது, அவள் ஒருத்தியும் நாலு தடுப்புப் பலகையும்தான். அன்று சாயங்காலமே பஸ் ஏறி தி.நகருக்குப் போனாள்.

கடையில் கூட்டம். நைட்டியைப் பிரித்துக் காட்டிக்கொண்டே பொன்ராஜ் பேசினார். அவர் மனைவி ஜெயபாரதி கல்லாவில் இருந்தாள். விஷயம் இதுதான். போன வாரம் கே.கே. நகரில் ஒரு கல்யாணம். பந்தியில் பொன்ராஜின் பெரியப்பா, "லத்தீனு படிக்கியாமே, ஒண்ணு சொல்லு பாப்போம்" என்று அனுப்ரியாவிடம் கேட்டிருக்கிறார். பிள்ளை எழுந்து நின்று, பள்ளியில் பழக்கியபடி கையைக் கட்டி, கண்ணை மூடி, ராகத்தோடு, 'மென்சா, மென்சே, மென்சே, மென்சாம்' என்று முழுசாக ஒப்பித்துவிட்டது. பெரியப்பா இலையை மூடிவிட்டு எழுந்து, "என்னலே பொன்ராசு, புள்ளய வேதத்துல சேத்து ஞானஸ்நானம் குடுத்துட்டியா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டாராம்.

"ஐயோ சார், அது ஜெபமே இல்ல!" ஜொவிட்டா கிட்டத்தட்டக் கத்தினாள். "மென்சான்னா மேசை. மேசை, மேசையின், மேசைக்கு, மேசையைன்னு வேற்றுமை உருபு சொல்றோமே, அதுதான். நம்ம மேசைங்கிற வார்த்தைகூடப் போர்த்துக்கீசு வழியா அதிலேருந்து வந்ததுதான்."

ஜெயபாரதி சில்லறையை எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "மேசையை எதுக்கு டீச்சர் கண்ண மூடிக் கும்பிடணும்?"

நைட்டி வாங்க வந்தவள் களுக்கென்று சிரித்துவிட்டாள். கண்ணை மூடினால் மனசு சிதறாது, கையைக் கட்டினால் கை அலையாது என்றெல்லாம் ஜொவிட்டா விளக்கினாள். விளக்க விளக்க அது இன்னும் ஜெபம் மாதிரியேதான் கேட்டது. அவளுக்கே கேட்டது.

"எனக்கு விளங்குது டீச்சர்," என்றார் பொன்ராஜ். நல்ல மனுஷன், குரலை உயர்த்தவில்லை. "பெரியப்பாவுக்கு யாரு விளக்க? அது போகட்டும். ரேங்க் கார்டு இல்ல, மெடல் இல்ல. எம்புள்ள நல்லாப் படிக்காளா இல்லையான்னு நான் எத வச்சுத் தெரிஞ்சுக்கிட?"

"அவளையே கேளுங்க சார். சனிக்கிழமை ஸ்கூலுக்கு வாங்க. அவ இங்க படிக்கணுமா வேண்டாமான்னு அவளே உங்ககிட்ட பேசட்டும். நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்க மாட்டேன், சத்தியமா. கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

பொன்ராஜ் மனைவியைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். சரி வருகிறோம் என்றார்.

அந்த மூன்று நாளும் ஜொவிட்டா சோறு தின்றாளா தூங்கினாளா என்பது ஆஸ்டினுக்குத்தான் தெரியும். "விடு ஜொவி, ஆண்டவர் பாத்துப்பாரு," என்றார் அவர். "ஆண்டவர் பாத்துக்கிட்டேதான் இருக்காரு, எதுவும் செய்யக் காணோம்," என்று எரிந்து விழுந்துவிட்டு, அடுப்படியில் நின்று அழுதாள். ஆனால் உள்ளே ஒரு ஓரத்தில் தைரியமும் இருந்தது. அனுப்ரியாவைப் போல ஒரு பிள்ளை அவளுக்கு இதுவரை வாய்த்ததில்லை. பதினோரு வயசு. நின்று பேச ஆரம்பித்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற வகுப்பும் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். தகப்பன் மனசு என்ன கல்லா?

சனிக்கிழமை பொன்ராஜும் ஜெயபாரதியும் வந்தார்கள். ஜொவிட்டா வேண்டுமென்றே பவுல்சாமியையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். பேரவையில் பேசப்போகிற மனுஷன், ஒரு தடவையாவது கண்ணால் பார்க்கட்டும் என்று.

அனுப்ரியா நடுவில் வந்து நின்றாள். எண்ணெய் வைத்து வாரிய இரட்டைப் பின்னல். அந்தப் பள்ளியில் வாதம் என்றால் அதற்கொரு முறை உண்டு. எடுத்த எடுப்பில் உன் பக்கத்தைப் பேசக் கூடாது. எதிராளியின் பக்கத்தை முதலில் நீ சொல்ல வேண்டும், அவர் சொல்வதைவிட நன்றாகச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவர், 'ஆமாம், நான் சொல்ல வந்தது அதேதான்' என்று ஒத்துக்கொண்டால்தான் உன் பக்கத்தைப் பேச உனக்கு முறை வரும். எதிராளியைப் புரிந்துகொள்ளாமல் பதில் சொல்வது அவமரியாதை என்பது ஜொவிட்டாவின் கட்சி. பிள்ளைகளுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. வந்தவர்களிடம் இந்த முறையைச் சொல்லிவைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நாள் முழுக்க அதிலேயே புழங்குகிறவளுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை.

"முதல்ல எங்கப்பா பக்கம்," என்று ஆரம்பித்தாள் அனுப்ரியா.

"எங்கப்பா சின்ன வயசுல ஊர்லேருந்து பஸ் ஏறி தி.நகருக்கு வந்தவங்க. கடையிலயே படுத்து, கடையிலயே சாப்பிட்டாங்க. இப்ப சொந்தக் கடை இருக்கு. ஆனா இங்கிலீஷ்ல ஏதாவது தபால் வந்தா இன்னைக்கும் யாரையாவது தேடிப் போகணும். நான் அப்படித் தேடிப் போகக் கூடாதுன்னு அப்பா நினைக்கிறாங்க. அது தப்பில்ல."

பொன்ராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாப் பிள்ளைங்களும் ஒரு ரோட்டுல போறாங்க. அந்த ரோடு எங்க போகும்னு அப்பாவுக்குத் தெரியும். பத்தாவது, பன்னெண்டாவது, நீட். நான் போற ரோட்டுல அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க யாருமே போனதில்ல. நான் வழி தப்பினா வந்து கூட்டிட்டுப் போக அப்பாவால முடியாது. கல்யாண வீட்டுல தாத்தா எந்திரிச்சுப் போனப்ப, அப்பாவுக்குச் சோறு இறங்கல. அப்பா என்னைத் திட்டல. என் இலையில அப்பளம் வச்சாங்க. ஆனா சொந்தக்காரங்களை விட்டா அப்பாவுக்குக் கடை இல்ல. கைமாத்து, சரக்கு, எல்லாமே அவங்கதான். எனக்காக அத்தனை பேர்கிட்டயும் சண்டை போடுங்கன்னு நான் கேக்க முடியாது."

ஜெயபாரதி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தடுப்புகளுக்குப் பின்னால் பென்சில் சத்தம்கூட இல்லை. ஜொவிட்டாவுக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. வயசுக்கு மீறின பேச்சு, அலங்காரம் இல்லாத பேச்சு. இதைத்தானே கண்ணே சொல்லிக்கொடுத்தேன் என்று உள்ளுக்குள் பூரித்துப்போனாள். அடுத்ததைக் கேட்கும்வரைதான்.

"கடைசியா ஒண்ணு," என்றாள் அனுப்ரியா. "மிஸ் ரொம்ப நல்லவங்க. ஆனா மிஸ் நினைச்சது தப்பாப் போயிட்டா மிஸ்ஸுக்கு ஒரு ஸ்கூல்தான் போகும். எங்கப்பாவுக்கு நான் போயிடுவேன்."

சொல்லிவிட்டு, முறைப்படி கையைக் கட்டிக்கொண்டு தகப்பனைப் பார்த்து நின்றாள்.

பொன்ராஜின் கண் கலங்கி வழிந்தது, அவர் துடைக்கக்கூட இல்லை. தன் வாழ்க்கையில் தனக்கே வார்த்தை கிடைக்காத ஒன்றை மகள் வாயால் கேட்ட மனுஷன் வேறென்ன செய்வார்?

"ஆமாத்தா," என்றார் கரகரத்த குரலில். "நான் சொல்ல வந்தது இதேதான்."

அனுப்ரியாவின் முகம் மலர்ந்தது. மூச்சை இழுத்துக்கொண்டாள். அதற்குள் பொன்ராஜ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"டீச்சர், புள்ளைக்கே விளங்கிருக்கு பாத்துக்கிடுங்க. அழுது அடம் புடிப்பாளோன்னு பயந்துக்கிட்டே வந்தேன். இவ்வளவு தெளிவா வளத்து விட்டுருக்கீங்க, சாகுற மட்டும் மறக்க மாட்டேன்." இரண்டு கையையும் கூப்பினார்.

"சார், இன்னும் முடியல. இது பாதிதான். அவ பக்கத்தை இனிமேதான் சொல்லுவா. உட்காருங்க சார், ஒரு அஞ்சு நிமிஷம், ப்ளீஸ் சார்..." ஜொவிட்டா அவர் வழியை மறிக்கிற மாதிரியே போய் நின்றுவிட்டாள். பெரிய பள்ளியில் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள் இப்படிக் கெஞ்சியதை யாரும் பார்த்ததில்லை.

"இதுக்கு மேல என்னத்த டீச்சர் சொல்லணும்?" என்றாள் ஜெயபாரதி. அதில் குத்தல் இல்லை. உண்மையாகவே அவளுக்கு வேறெதுவும் பாக்கி இருப்பதாகப் படவில்லை. புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு படியைப் பார்த்து நடந்தாள்.

பவுல்சாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "இன்னா பேச்சும்மா! யப்பா! எங்க கத்துக்கிச்சு இந்தப் பொண்ணு?" என்று கேட்டுவிட்டு, ஜொவிட்டாவின் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று அடங்கிப்போனார்.

ஜொவிட்டா நின்ற இடத்திலேயே நின்றாள். ஊரெல்லாம் என் பள்ளிக்கூடத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டது என்று இத்தனை காலமும் மாய்ந்துபோனாளே, அவளும்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தாள். நன்றாகப் பேசினால் கேட்பார்கள் என்று நினைத்தாள். கேட்கத்தான் செய்தார்கள். தங்களுக்கு வேண்டியது கிடைத்ததும் எழுந்துபோனார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். அதைவிடக் கொடுமை, பிள்ளை சொன்ன கடைசி வார்த்தை அவளுக்கும் சரியென்றே பட்டது.

புடவையை யாரோ இழுத்தார்கள். அனுப்ரியா.

"மிஸ், அப்பா ஒத்துக்கிட்டாங்க. நீங்களும் கேட்டீங்கல்ல? 'இதேதான்'னு சொன்னாங்க."

"ஆமாம்மா. கேட்டேன்."

"அப்ப இனிமே என் முறைதான?"

"உன் முறைதான் கண்ணு."

"அப்புறம் ஏன் மிஸ் அப்பா செருப்பு மாட்டுறாங்க?"

படிக்கட்டுக்குக் கீழிருந்து பொன்ராஜ் கூப்பிட்டார், "அனு, பையை எடுத்துக்கிட்டு வா." பிள்ளை நகரவில்லை. பதில் வரும் என்று டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வி கேட்டால் இந்த டீச்சரிடம் பதில் வராமல் இருந்ததே இல்லை. ஜொவிட்டா பெஞ்சிலிருந்து பையை எடுத்து, சிக்கிக்கொண்ட ஜிப்பை இரண்டு மூன்று தடவை இழுத்து மூடி, குனிந்து அவள் தோளில் மாட்டிவிட்டாள்.